கிரகணி முதல் மெத்தோட்ரெக்சேட் வரை

(அடையாறில் பொதுமக்களுக்காக ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேசியவர் பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர்.)



காந்தி நகரில் கால்வாய்க் கரை ரோட்டில் இருக்கும் புற்றுநோய் நிலையத்தை இங்கே அறியாதவர் இருக்க முடியாது. ரத்தப் புற்றுநோய்க்கு அங்கே சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, முதுகுத் தண்டைச் சூழ்ந்திருக்கும் நீரில் ஊசி வழியாக மஞ்சள் நிற மருந்து ஒன்றைச் செலுத்துவார்கள். அதே மருந்து மாத்திரை வடிவில் நம் பேட்டை மெடிக்கல் ஷாப்களிலும் கிடைக்கிறது. முடக்குவாதத்துக்காக அதைச் சாப்பிடுகிறவர்கள் இந்த அரங்கத்திலேயே சிலர் இருக்கலாம். சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் அதைத் தருகிறார்கள். கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கிவிட்டால், அறுவை இல்லாமல் அதைக் கரைப்பதற்கும் அதே மருந்துதான். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட்.

ஒரே மருந்து இத்தனைக்கும் கேட்கும் என்று எவராவது சொன்னால் நாம் சந்தேகப்பட வேண்டும். சர்வரோக நிவாரணி விற்றவர்களை நிறையப் பார்த்த ஊர் இது. ஆனால் இங்கே சந்தேகத்துக்குப் பதில் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன்னைப் பிரதியெடுக்கும்போது கடந்தே தீர வேண்டிய ஒரு வேதிப்படி உண்டு. இந்த மருந்து அந்தப் படியில் குறுக்கே நிற்கிறது. எங்கெல்லாம் செல்கள் அவசரமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அதன் கை நீளும். அந்தப் படி எது என்று கண்டுபிடித்த பிறகுதான் மருந்து வந்தது. அதாவது மனித உடலின் வளர்சிதை மாற்றத்தைப் படித்தவர்களின் மேசையிலிருந்து வந்த மருந்து இது. அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் நம் சென்னையில் படித்தவர், சென்னையில் நோய்வாய்ப்பட்டவர், சென்னையில் வேலை மறுக்கப்பட்டவர். எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இந்தப் பெயர் இப்போது வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. நோபல் மறுக்கப்பட்ட மேதை, எல்லாவற்றையும் தனியாளாகக் கண்டுபிடித்தவர் என்றெல்லாம். அந்தச் செய்திகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். அவருக்குக் கிடைக்காத பரிசைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் செய்த வேலையை விளக்கிச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. இன்று அந்த வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகலாம் என்று 13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய பையனை, அம்மா வெங்கம்மா ஆள் அனுப்பித் திருப்பி அழைத்து வந்தார். தந்தை போன பிறகு தன் நகைகளை விற்றுப் படிக்க வைத்ததும் அந்த அம்மாள்தான். மெட்ரிகுலேஷன் மூன்றாவது முயற்சியில்தான் கைகூடியது. அதுவும் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து. பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். துறவியாகிவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் ராமகிருஷ்ண மடத்தை நாடியவரை, மருத்துவம் படித்து ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்று திருப்பிவிட்டார்கள் அங்கிருந்த சுவாமிகள். மருத்துவ உலகம் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் படித்து முடித்து வெளியே வந்த அதே கல்லூரி. சில வருடங்கள் பின்னால் வந்தவர் சுப்பாராவ். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை அரங்கில் கதர் அங்கி போட்டுக்கொண்டு நின்றார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளில் நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற சிறிய சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. எழும்பூரில் மார்ஷல் ரோடு என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்கிற ருக்மணி லட்சுமிபதி சாலை இருக்கிறதே, அந்த ருக்மணி அம்மையாரின் கணவர்தான் இந்த லட்சுமிபதி.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு நோய் புகுந்திருந்தது. ஆங்கில மருத்துவர்கள் ஸ்ப்ரூ என்றார்கள். நம் வைத்தியர்கள் கிரகணி என்று அறிந்திருந்த நோய்க்கூட்டத்தில் அடங்குவது. நாள்கணக்கில் நிற்காத பேதி, நாக்கு வெந்து சிவந்து போவது, சாப்பிட்ட எதுவும் உடம்பில் ஒட்டாமல் தோலும் எலும்புமாக ஆவது, ரத்தம் வெளுத்துப் போவது. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இந்த நோயில் இறந்தார்கள். சுப்பாராவுக்கும் வந்தது. லட்சுமிபதியின் வைத்தியத்தில் அவர் பிழைத்தார். ஆயுர்வேத மருந்துகளை நவீன முறையில் ஆராய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது வந்தது என்பார்கள். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இரண்டு சகோதரர்களைக் குடல் நோய்க்குக் கொடுத்த ஒருவர் வெப்பமண்டல நோய்களைப் படிக்க பாஸ்டனுக்குப் புறப்பட்டதில் வியப்பில்லை.

மாமனாரும் காக்கிநாடாவில் இருந்த அறக்கட்டளைகளும் கொடுத்த பணத்தில் 1922 அக்டோபர் கடைசியில் பாஸ்டன் போய் இறங்கினார். அவருடைய எல்.எம்.எஸ்.ஸுக்கு அங்கே மருத்துவராக வேலை பார்க்கும் உரிமை கிடையாது. மருத்துவமனையில் இரவுப் பணியாளராக மலச்சட்டி கழுவிக்கொண்டு, பகலில் ஹார்வர்டில் படித்தார். வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமா வாங்கியதும் உயிர்வேதியியல் துறைக்குப் போய் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார்.

அங்கே அவர் முதலில் செய்தது மருந்து கண்டுபிடிக்கும் வேலையே இல்லை. ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வேலை. கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் குழந்தைகளின் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோயானாலும் சரி, சிறுநீரகம் பழுதானாலும் சரி, பாராதைராய்டு சுரப்பி தவறினாலும் சரி, ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு மாறிவிடும். அதை நம்பகமாக அளக்க அன்றைக்கு எளிய வழி இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட முறையில், பாஸ்பேட் மாலிப்டேட்டோடு சேர்ந்து, பிறகு ஒரு ஒடுக்கும் பொருளின் துணையால் நீல நிறமாகிறது. பாஸ்பரஸ் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். நிறத்தை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். இன்றைக்கும் உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் ஃபிஸ்கே-சுப்பாராவ் என்று பையன்களும் பெண்களும் நோட்டில் எழுதுகிறார்கள். சுப்பாராவ் என்பது ஒரு மனிதரின் பெயர், அவர் மெரினாவுக்கு எதிரே இருக்கிற கல்லூரியில் படித்தவர் என்று நான் சொன்னபோதெல்லாம் வகுப்பில் தலைகள் நிமிர்ந்தன.

அளக்கத் தெரிந்துவிட்டால் அதுவரை கண்ணில் படாதது படத் தொடங்கும். இதே முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது, நீல நிறம் எதிர்பார்த்தபடி ஒரேயடியாக வராமல் மெல்ல மெல்ல ஏறியது. ஏதோ ஒரு பொருள் உடைந்து, பாஸ்பேட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். வேறொருவராக இருந்தால் முறையில் கோளாறு என்று கழுவி ஊற்றியிருப்பார். இவர்கள் விடவில்லை. 1927இல் அது கிரியேட்டின் என்ற பொருளும் பாஸ்பேட்டும் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின் என்று காட்டினார்கள். லண்டனில் எகிள்டன் தம்பதியரும் அதே சமயத்தில் அதன் தடத்தைப் பிடித்திருந்தார்கள். தசை சுருங்குவதற்கான சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்பது அப்போதைய நம்பிக்கை. ஏ.வி. ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோஃபும் தசை ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு வாங்கியவர்கள். அந்தக் கொள்கை அவர்களோடு சேர்ந்தது. பாஸ்போகிரியேட்டின் வந்த பிறகு அது சரியத் தொடங்கியது. 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கோர்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாமல் தடுத்தாலும் தசை சுருங்குகிறது என்று காட்டியதும் முழுக்கச் சரிந்துவிட்டது.

அடுத்து ஏ.டி.பி. நம் உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் சக்தியைக் கொண்டு கொடுக்கும் மூலக்கூறு. சுப்பாராவ்தான் கண்டுபிடித்தார், ஜெர்மானியர் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வாட்ஸ்அப் சொல்கிறது. நியாயமாகப் பேச வேண்டும். 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் அதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தனியாக, யாரையும் பார்த்து எழுதாமல், அதே பொருளை அதே ஆண்டில் வெளியிட்டார்கள். யார் முந்தி என்ற வழக்கை வேதியியல் வரலாற்றாசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும். இரண்டு தரப்பும் உழைத்துக் கண்டதுதான். ஹார்வர்டில் நடந்த அநியாயம் வேறு. அந்தத் துறையில் கூடவே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்கே வெளியிட விடாததால் பல வருடங்கள் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவியும் தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். சீக்கிரத்திலேயே அங்கே ஆராய்ச்சி இயக்குநரானார்.

இப்போது கல்லீரலுக்கு வருகிறேன். 1926இல் பாஸ்டனில் மினோ, மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், உயிர்கொல்லியாக இருந்த ஒருவகை ரத்தசோகை நோயாளிகளுக்கு நிறையக் கல்லீரலைத் தின்னக் கொடுத்தால் தேறுகிறார்கள் என்று காட்டியிருந்தார்கள். கல்லீரலில் இருக்கும் அந்தப் பொருள் எது? சுப்பாராவ் ஹார்வர்டில் இருந்தபோதே பல வருடங்கள் கல்லீரல் சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தார். லெடர்லியிலும் அதைத்தான் தொடர்ந்தார்.

இதே கேள்வி நம் ஊரிலும் வேறு ஒருவர் கையில் இருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். கல்லீரல் வாங்க அந்தப் பெண்களிடம் ஏது பணம்? ஈஸ்ட் சாற்றால் ஆன மலிவான மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஊறியது. குன்னூரில் விலங்குகளிடம் சோதனை செய்தார். 1931இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். இப்போதைய கஸ்தூரிபா காந்தி தாய் சேய் மருத்துவமனை, அதே திருவல்லிக்கேணியில். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் எழுதிய பள்ளியிலிருந்து நடந்தே போகலாம். அவர் அப்போது பூமியின் மறுபக்கத்தில் இருந்தார். இருவரும் தேடியது கிட்டத்தட்ட ஒன்றையேதான் என்று இருவருக்கும் தெரியாது.

1941இல் டெக்சஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் 4 டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைச் செறிவாகப் பிரித்து, அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 4 டன் கீரையிலிருந்து கிடைத்தது மிகச் சொற்பம். நோயாளிக்குக் கொடுக்க அது காணாது. சுப்பாராவின் குழு ஒருபுறம் கல்லீரலிலிருந்து அதைத் தூய படிகமாக எடுத்தது; மறுபுறம் அதன் அமைப்பைக் கண்டறிந்து 1945இல் ஆய்வகத்திலேயே தயாரித்தது. அதன் பிறகு ஃபோலிக் அமிலம் கிலோ கணக்கில் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது, ரத்தம் ஊறியது.

ஸ்ப்ரூ. அதே கிரகணி.

ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். டி.என்.ஏ. தயாரிக்கும்போது சில இடங்களில் ஒரே ஒரு கார்பன் அணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைத் தூக்கிச் செல்வது ஃபோலிக் அமிலத்திலிருந்து உருவாகும் ஒரு வடிவம். கார்பனை இறக்கிவிட்ட பிறகு அது மறுபடி வேலைக்குத் தயாராக வேண்டும். அதைத் தயார் செய்ய ஒரு நொதி இருக்கிறது, சுருக்கமாக டி.எச்.எஃப்.ஆர். என்பார்கள். ஃபோலிக் அமிலம் போதவில்லை என்றால் டி.என்.ஏ. வேலை தாமதப்படும். முதலில் அடிபடுவது வேகமாகப் பெருகும் இடங்கள்: எலும்பு மஜ்ஜை, குடலின் உள் உறை, நாக்கு, வயிற்றில் வளரும் சிசு. கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை ஏன், ஸ்ப்ரூவில் நாக்கு ஏன் வேகிறது என்பதற்கெல்லாம் விடை இங்கேயே இருக்கிறது.

இனி சுப்பாராவின் குழு செய்த இன்னொரு வேலை. ஃபோலிக் அமிலத்தின் வளையத்தில் ஓர் இடத்தில் ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டு அமினோ தொகுதி ஒன்றை வைத்தார்கள். அமினோப்டெரின். இன்னோர் இடத்தில் ஒரு மீத்தைல் தொகுதியும் சேர்ந்தால் மெத்தோட்ரெக்சேட். பார்வைக்கு ஃபோலிக் அமிலத்தின் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். அடையாறு டெப்போவில் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்தவர் பிராட்வே வரை எழுந்திருக்க மாட்டார். நடுவில் ஏறியவர் நின்றுகொண்டேதான் வர வேண்டும். அந்த நொதியில் மெத்தோட்ரெக்சேட் அப்படித்தான் போய் உட்காருகிறது, உரிய பயணியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு. டி.என்.ஏ. வேலை நின்றுவிடும்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் அன்று சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். ஃபோலிக் அமில வகைச் சேர்மங்களைக் கொடுத்த குழந்தைகளிடம் நோய் தணியாமல் வேகமெடுப்பதை அவர் கவனித்தார். கூட்டினால் வேகமெடுக்கிறது என்றால், தடுத்தால்? லெடர்லியிலிருந்து வந்த தடுப்பு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, 1947 டிசம்பர் கடைசியில் அமினோப்டெரினுக்கு வந்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948 ஜூனில் கட்டுரை வெளியிட்டார். பிறகு நோய் திரும்பியது, உண்மைதான். ஆனால் ஒரு ரசாயனத்தைக் கொண்டு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. 1956இல் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற இருவர் மெத்தோட்ரெக்சேட்டை வைத்து, நச்சுக்கொடியிலிருந்து எழும் ஒரு புற்றுநோயைக் குணப்படுத்திய செய்தி வந்தது. ஹார்வர்ட் கதையில் வந்தாரே, ஹிட்சிங்ஸ், அவர் கெர்ட்ரூட் எலியனோடு சேர்ந்து இதே பாதையில் மெர்காப்டோப்யூரின் என்ற மருந்தைக் கண்டார். 1988இல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு. அவர்களுடன் ஜேம்ஸ் பிளாக்கும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த மருந்துகள் அடையாறுக்கு வந்த கதையை நீங்களே சொல்லலாம். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954 ஜூனில் 12 படுக்கையோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருக்குத் துணை நின்றவர்கள் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த வருடம் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும். வசதி குறைந்த நாட்டில் குழந்தை ரத்தப் புற்றுநோயை எப்படிக் கையாள்வது என்று 1980களில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து ஒரே சிகிச்சைத் திட்டத்தை வகுத்துக்கொண்டன. எம்.சி.பி. 841 என்று அதற்குப் பெயர். முதுகுத் தண்டு நீரில் மெத்தோட்ரெக்சேட், வாய்வழி மெர்காப்டோப்யூரின், இன்னும் பல மருந்துகள். 20 வருட அனுபவத்தை 2005இல் கட்டுரையாக எழுதியவர்களில் சாந்தா அம்மாவும் ஒருவர். பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. ஒரு மருந்தை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்ல மாட்டேன். கூட்டு மருந்துகள், ஒழுங்கான திட்டம், பெற்றோர் நடுவில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது, எல்லாம் சேர்ந்த பலன் அது.

லெடர்லியில் சுப்பாராவின் மேற்பார்வையில் இன்னும் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. ஒன்று, யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. 1947இல் வந்தது. கொசுவும் கூவமும் நிறைந்த ஊரில் அதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீடு வீடாக வந்து கண்முன்னே விழுங்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களே, அந்த மாத்திரைதான். மற்றொன்று, பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளரை அழைத்துவந்து மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை அலசச் செய்தது. அதிலிருந்து ஆரியோமைசின் கிடைத்தது, டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. கண்டவர் டக்கர், சுப்பாராவ் வழி அமைத்துக் கொடுத்தவர். தன் பெயரை முன்னே போட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பின்னாளில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாக வந்தபோது, வேலூர் சி.எம்.சி.யின் பேக்கரும் மத்தனும் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். உலகின் ஸ்ப்ரூ அறிவில் பெரும்பங்கு அந்த மருத்துவமனையிலிருந்து வந்தது. ஸ்ப்ரூவுக்கு இன்று பாடப்புத்தகம் சொல்லும் சிகிச்சை, ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்துச் சில மாதங்கள். சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற நோயின் சிகிச்சையில் இரண்டு பாதிக்கும் வேர் அவருடைய ஆய்வகத்தில் இருக்கிறது. இதை அவர் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே இதயம் நின்று இறந்தார். வயது 53. இந்தியாவுக்கு அவர் திரும்பி வரவேயில்லை. காத்திருந்த மனைவி சேஷகிரிக்கு மிஞ்சியது கடிதங்கள்தான்.

அதே 1948இல்தான் இந்தியாவில் பார்மசி சட்டம் வந்தது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து கொடுக்கலாம் என்ற ஏற்பாடு. எங்கள் ஜாதிக்கு அது பிறந்த நாள் மாதிரி. அந்த உரிமையில் கடைசிப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். வேதியியல் போதும், வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

குழந்தை பெற நினைக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். சிசுவின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாகும் குழாய் முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது. நாள் தள்ளியது தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் அது முடிந்திருக்கும். முன்பு அப்படிக் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், இந்த விட்டமின் அந்தப் பிறவிக் குறையை 72 சதவீதம் தடுத்தது என்று 1991இல் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. வாந்தி வருகிறது, மலம் கறுக்கிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, மயிலாப்பூர், அடையாறு சைவ வீடுகளுக்கு. பி12 விட்டமின் செடிகொடிகளில் கிடையாது. பால், தயிரில் ஓரளவு உண்டு. வயதானவர்களுக்கும் மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பி12 குறைந்துபோவது சகஜம். ரத்தசோகை என்றதும் நாமாகவே ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிப் போட்டால் ரத்தம் தேறிவிடும், நரம்பு தேறாது. கால் மரத்துப்போவதும் தள்ளாட்டமும் அதுபாட்டுக்கு முற்றிக்கொண்டிருக்கும். கல்லீரலில் தேடப்பட்ட பொருள் ஒன்றல்ல, இரண்டு என்பது 1948இல் பி12 கிடைத்த பிறகுதான் தெளிவானது. அந்தப் பாடத்தை நாம் மறுபடி உடம்பால் படிக்க வேண்டாம். பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்துவிடும். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், தொற்று, உயிருக்கே ஆபத்து. மற்ற நாளில் ஃபோலிக் அமிலம் தருவார்கள். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகக் கிடைக்கின்றன. வணிகப் பெயர்களும் சில சமயம் ஒரே எழுத்துகளில் தொடங்கும். இரண்டும் மாறிப்போன கதைகள் உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் தனியாக இருக்கும் முதியவர்கள், அல்லது மருந்துச் சீட்டைக் கொடுத்து வாங்கிவரச் சொல்லப்பட்ட பேரன். தினமும் சாப்பிட வேண்டியது என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டால் புண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஃபோலினிக் அமிலம் என்ற முறிமருந்து இருக்கிறது. அடைபட்ட நொதியைச் சுற்றிக்கொண்டு போய் உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்கும். சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரிமாக்சசோல் எழுதினால், நான் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். அதுவும் ஃபோலேட் பாதையில்தான் கை வைக்கிறது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுகிற தம்பதியர் இருவரும் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மருந்துச் சீட்டில் வாரம் ஒரு முறை என்று எழுதினால் போதாது. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைக்காரரிடம் அந்தக் கிழமையை அட்டையின் மேலேயே தமிழில், பெரிய எழுத்தில், புதன்கிழமை மட்டும் என்பதுபோல எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். வீட்டில் இந்த மாத்திரையை ஃபோலிக் அமில டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள். உங்கள் அத்தையோ மாமாவோ பக்கத்து ஃபிளாட்டுத் தாத்தாவோ இதைச் சாப்பிடுகிறார் என்றால், நாளைக் காலையில் ஒரு தடவை போய் அவருடைய மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.